தகவல் வடிவமைப்பாளன் எந்த டிபார்ட்மெண்ட்?

நான் வேலை செய்வது ஓசூரில், வண்டிகளுக்கு இரும்பு உதிரிபாகம் அடித்துத் தரும் ஒரு தொழிற்சாலையில். வேலையின் பெயர் தகவல் வடிவமைப்பு. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் போகும் போக்கை நான் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், நான் ஏதோ விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. திருத்த உட்கார்ந்தால் எனக்கே குழம்பிவிடும்.

என் மேஜை ஸ்டோர் ரூமுக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு தடுப்புக்குப் பின்னால் இருந்தது. தொழிற்சாலைக்குள் கண்ணில் படும் எல்லாப் பலகையும், சுவரில் ஒட்டிய எல்லாப் படமும், நோட்டீசும், அன்றாட உற்பத்தியைக் காட்டும் வரைபடமும் அங்கிருந்துதான் பிறக்கும். யாரும் அந்த மேஜையைத் தேடி வந்ததில்லை. அதனால் எனக்கு மேலதிகாரி என்று யாரும் இல்லை. சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது. இதை அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், புதிய பிளாண்ட் ஹெட் வரும்வரை.

அவர் பெங்களூரிலிருந்து தினமும் காரில் எல்லை தாண்டி வருகிறவர். கன்னடக்காரர். நாலு மொழியை ஒரே வாக்கியத்தில் பேசுவார். வந்த முதல் வாரம் ஒரு நாள் காலை, நான் பெயிண்ட் ஷாப் வாசலில் ஒரு பலகையை எந்த உயரத்தில் மாட்டினால் கழுத்து வலிக்காமல் படிக்கலாம் என்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"நீவு யாவ டிபார்ட்மெண்ட்?"

"இன்ஃபர்மேஷன் டிசைன், சார்."

"அது உங்க கெலசா. வேலை. நான் கேக்கறது டிபார்ட்மெண்ட்."

நான் டேப்பைச் சுருட்டினேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இந்த மாசம் முடியறதுக்குள்ள ஏதாவது ஒரு டிபார்ட்மெண்ட் உங்கள ஒத்துக்கணும். ஒத்துக்கலன்னா இந்த போஸ்ட் வேண்டா. சரிதானே?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். ஆள் குறைப்புக்குத்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள் என்று முன்பே பேச்சு இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம். இங்கே வந்து இத்தனை காலம் ஆகியும் என் மனைவி பேச்சில் ஊர் மாறவில்லை.

"இம்புட்டு நாளு என்ன வேல பாத்தீகளோ அத விளக்கமாச் சொல்லுங்க. எந்த டிபார்ட்மெண்டுன்னு நான் சொல்லுதேன்" என்றாள்.

சொன்னேன். ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது. அது எங்கேயோ கிடக்கிறது. அதை எடுத்து, அவர் கண்ணுக்கும் புத்திக்கும் எப்படி வைத்தால் தடங்கல் இல்லாமல் போய்ச் சேருமோ அப்படி வைப்பது. வார்த்தையாகவோ, படமாகவோ, நிறமாகவோ, கட்டம் போட்டோ.

அவள் குக்கரை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "சொல்ல வந்ததப் புரியுற மாதிரி சொல்லணும். அம்புட்டுத்தான? இதுக்கு ஒரு படிப்பா? எங்க சின்னத்தா சம்பளமில்லாமச் செய்யும்."

எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று யோசித்தால் அகப்படவில்லை.

கம்பெனி பஸ் விவகாரத்தைச் சொல்லிப் பார்த்தேன். பாகலூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வரும் பஸ்களின் நேரப் பட்டியல் முன்பு பஸ் எண் வரிசையில் இருந்தது. பஸ் எண் யாருக்குத் தெரியும்? அவரவருக்குத் தெரிந்தது அவரவர் ஏறும் இடம்தான். நான் அதை இடத்தின் பெயர் வரிசையில் மாற்றி, ஷிப்ட் வாரியாக நிறம் கொடுத்தேன். மறு வாரமே நிர்வாக அலுவலகத்துக்கு வரும் போன்கள் குறைந்துவிட்டன. காட்டோரம் யானை வந்து நின்றால் பஸ் தாமதமாகுமே, அதற்கு என்ன குறி போடுவது என்பதை மட்டும் என்னால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. போன் குறைந்ததை யாராவது கவனித்தார்களா என்றால், இல்லை. தொல்லை இல்லாமல் போனதை யார் கவனிப்பார்கள்? என் வேலை நன்றாக இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு டிபார்ட்மெண்ட் தேடி நான் கிளம்பினேன்.

முதலில் சேஃப்டி. அந்த அதிகாரி நல்ல மனுஷர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். "உங்க பலகை எனக்கு வேணும் சார். நீங்க எனக்கு எதுக்கு? பொம்ம வாங்கறவன் பொம்ம செய்யறவனையும் சேத்து வீட்டுக்குக் கூட்டிகினு போவானா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

குவாலிட்டியில், நீ வரைவது புள்ளிவிவரம், ஆனால் உனக்குப் புள்ளிவிவரம் முறையாகத் தெரியாது என்றார்கள். கம்ப்யூட்டர் பிரிவில், நீ கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாய், ஆனால் செய்வது கம்ப்யூட்டர் வேலை இல்லை என்றார்கள். இரண்டும் சரி. பயிற்சிப் பிரிவில் இருந்த அம்மா, மொழிபெயர்க்கத் தெரிந்த ஆள் என்றால் எடுத்துக்கொள்கிறேன், கன்னடமும் தெலுங்கும் எழுத வருமா என்று கேட்டார். எனக்குப் பேசவே அரைகுறை. எச்.ஆரில் இருந்த பெண்ணிடம், மனிதர்களின் கண் எதை முதலில் பார்க்கும், மூளை ஒரே நேரத்தில் எத்தனை விஷயத்தைப் பிடித்து வைக்கும் என்பதெல்லாம் என் வேலையில் வரும், ஆகவே இது மனோதத்துவம் சார்ந்தது என்று எடுத்துவிட்டேன். அவள் பதறிப்போய், "சார், அப்படிச் சொல்லிறாதீங்க. அப்புறம் எங்க தலையிலயே கட்டிருவாங்க" என்றாள்.

நான் முதலில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் அச்சடிக்கும் கடையில் இருந்தவன். பிறகுதான் கம்ப்யூட்டர் வழியாகவே நடந்த ஒரு வகுப்பில் சேர்ந்து இந்தப் படிப்பைப் படித்தேன். முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டார்கள், இது தனியாக ஒரு துறை இல்லை என்று. எழுத்தின் வடிவம் ஒரு இடத்திலிருந்து வருகிறது, படம் வேறிடத்திலிருந்து. எண்களைக் காட்டும் முறை புள்ளிவிவரக்காரர்களிடமிருந்து. இடத்தைக் காட்டும் முறை வரைபடம் போடுகிறவர்களிடமிருந்து. கைக்கும் கண்ணுக்கும் எட்டும் உயரம் எது என்பது உடல் அளவுகளை ஆராய்கிறவர்களிடமிருந்து. வார்த்தை மொழிக்காரர்களிடமிருந்து. அப்போது அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது, இத்தனை சமாச்சாரம் நம் கைக்கு வரப்போகிறதே என்று. இப்போது ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டுத் திரும்பும்போது வேறு மாதிரி தோன்றியது. அவரவர் கொடுத்ததை அவரவர் திரும்பக் கேட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்? பத்து வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு ரேஷன் கார்டில் எந்த வீட்டிலும் பெயர் இல்லை.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் அந்த அட்டை வேலை வந்தது.

பழுதான மெஷினில் மாட்ட ஒரு அட்டை வேண்டும். 'இயக்காதே' என்று ஆங்கிலத்தில் எழுதிய பழைய அட்டை யாருக்கும் உதவவில்லை. தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஒடியா, இந்தி எல்லாம் புழங்குகிறது. அட்டையில் அத்தனை மொழியையும் எழுதினால் எழுத்து எறும்பளவு ஆகிவிடும். ஆகவே எழுத்தே இல்லாத அட்டை. இந்த மாதிரி வேலைக்குத்தான் நான் படித்தேன் என்று உற்சாகமாக உட்கார்ந்தேன். மஞ்சள் பின்னணி, ஏனென்றால் தூரத்திலிருந்து கண்ணைப் பிடிக்கும். நடுவில் சிவப்பு வட்டம், ஏனென்றால் சிவப்பு என்றால் நில். வட்டத்துக்குள் ஒரு கை, கையின் குறுக்கே ஒரு கோடு.

சேஃப்டி அதிகாரி பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கை வேணாம் சார். எலக்ஷன் வருது. யூனியன்காரங்க யாராவது போட்டோ புடிச்சிப் போட்டா நமக்குத்தான் தலவலி."

கையை எடுத்தேன். வட்டத்துக்குள் ஒன்றும் இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தது, முழுவதும் சிவப்பை நிரப்பினேன். மஞ்சள் செவ்வகம், நடுவில் சிவப்பு வட்டம். சுத்தமாக, அழகாக இருந்தது. அச்சாகி வந்தது. எல்லோருக்கும் காட்டி விளக்கும் வகுப்பை ஆயுத பூஜை முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள்.

ஆயுத பூஜைக்கு ஓசூர்த் தொழிற்சாலைகள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெஷினைத் துடைத்து, மாவிலையும் மாலையும் கட்டி, சந்தனம் தீற்றிக் குங்குமம் வைத்தால்தான் ஆபரேட்டருக்கு மனசு ஆறும். போன வருடம் அந்தச் சந்தனம் பட்டன்களுக்குள் இறங்கிச் சில பேனல்கள் கெட்டுப்போயின. அதனால் இந்த வருடம் மெஷின் மேல் சந்தனம் குங்குமம் வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் போடச் சொன்னார்கள். அதையும் நான்தான் போட்டேன். மெஷின் படம், மேலே சந்தனக் கிண்ணம், குறுக்கே கோடு. பக்கத்தில் சாமி படம் வைத்த ஒரு மேஜை, அங்கே தாராளமாக வைக்கலாம் என்று ஒரு சரி அடையாளம். ரொம்பத் தெளிவான நோட்டீஸ். ஒருவர்கூட மீறவில்லை. பூஜையன்று பிரஸ் ஷாப்பைச் சுற்றி வந்தபோது மாலைகளுக்கு நடுவில் எல்லா மெஷினும் நெற்றி வெறுமையாக நிற்பதைப் பார்த்து, என் வேலை பலித்தது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

நான் கவனிக்காதது ஒன்று. பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் மூன்றாம் பிரஸ்ஸில் பிரேக் வழுக்குகிறது என்று மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர் என் புது அட்டையை எடுத்து அதன் முகப்பில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். மின்சாரத்தையும் நிறுத்தித்தான் போனார். ஆனால் பூஜையின்போது எல்லா மெஷினுக்கும் ஒரு சுற்று உயிர்கொடுத்து எலுமிச்சம்பழம் நசுக்குவது வழக்கம். எலக்ட்ரீஷியன் வரிசையாக எல்லா மெயினையும் போட்டார். அந்தக் கூட்டத்தில், சங்கு சத்தத்தில் மூன்றாம் பிரஸ்ஸை ஓட்டினார்களா இல்லையா என்று யாருக்கும் இன்றுவரை சரியாகத் தெரியாது. போட்ட மெயினை மட்டும் யாரும் திரும்ப நிறுத்தவில்லை.

மறுநாள் முதல் ஷிப்டில் ஆட்கள் குறைவு. சூப்பர்வைசர் பாகலூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு ஆபரேட்டர் அம்மாவிடம், எந்த பிரஸ் காலியோ அதில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த அம்மா வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். காண்ட்ராக்டில் இருப்பவர். முன்பு பூப்பறிக்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், சில வருடமாகத்தான் இங்கே. அவர் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாம் பிரஸ்ஸில் போய் உட்கார்ந்தார்.

தகட்டை இடுக்கியால் பிடித்து அச்சில் வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து இரும்பு இறங்கி அடித்துவிட்டு ஏறி நிற்கும். நாலைந்து அடி சரியாக அடித்தது. அடுத்த தடவை ஏறிய இரும்பு நிற்கவில்லை. பெடலை மிதிக்காமலே தானாக இரண்டாம் முறை இறங்கியது. பொருளை எடுக்க நீண்டிருந்த கையை அவர் எப்படி இழுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இடுக்கி மாட்டிக்கொண்டது. வெளியே எடுத்தபோது அது அப்பளம் மாதிரி இருந்தது.

அந்த இடுக்கியை பிளாண்ட் ஹெட்டின் மேஜை மேல் வைத்துத்தான் அன்று மத்தியானம் கூட்டம் நடந்தது. எல்லா டிபார்ட்மெண்ட் தலைவர்களும் இருந்தார்கள். சுவரோரம் ஒரு ஸ்டூலில் அந்த அம்மா. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். இடுக்கியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

"அட்டை மாட்டியிருந்தது. பாக்காம ஓட்டியிருக்காங்க" என்று மெயின்டனன்ஸ் தலைவர் ஆரம்பித்தார். யாரோ ஆபரேட்டரின் கவனக்குறைவு என்றார்கள். கவனக்குறைவு என்று முடிவானால் அந்த அம்மாவை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். அறையில் எல்லோருக்கும் அது தெரியும்.

பிளாண்ட் ஹெட் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, அந்த அட்டைய நோடுலயா? பாக்கலயா?"

"பாத்தேனே சார்."

"பாத்துமா ஓட்டினீங்க?"

"பாத்துத்தான் சார் ஓட்னேன். எல்லா மெஷினும் பொட்டு இல்லாம மொட்டையா நின்னுகினு இருந்துச்சு. இது ஒண்ணுதான் மஞ்ச பூசிக் குங்குமம் வெச்சு லட்சணமா இருந்துச்சு. சந்தனம் வெக்கக் கூடாதுன்னு போட்டாங்களே, அதுக்குப் பதிலா கம்பெனில அட்டைல பொட்டு அடிச்சிக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். கண்ணுல ஒத்திகினுதான் உக்காந்தேன்."

பிளாண்ட் ஹெட் என் அட்டையை எடுத்துக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "ஹௌது" என்றார் மெதுவாக. ஆமாம் என்று அர்த்தம். "எங்க வீட்டு வாசக்கால் மாதிரியே இருக்கு."

அட்டை எனக்குத் தெரிந்த சாஸ்திரப்படி சரி. நோட்டீஸ் அதைவிடச் சரி. ஒன்று மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நோட்டீஸ் அவ்வளவு நன்றாக வேலை செய்ததால்தான் அட்டை பொட்டாகிவிட்டது. எல்லா மெஷினிலும் குங்குமம் இருந்திருந்தால் அவர் அதைக் கவனித்தே இருக்கமாட்டார். நான் எதைத் தப்பாகச் செய்தேன்? எதையும் இல்லை என்றும் தோன்றியது, எல்லாவற்றையும் என்றும் தோன்றியது. அந்தக் குழப்பம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

"இது யார் டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டார் பிளாண்ட் ஹெட்.

சேஃப்டி, குவாலிட்டி, மெயின்டனன்ஸ், பயிற்சி, எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். "இன்ஃபர்மேஷன் டிசைன், சார்."

அத்தனை நாள் நான் தேடி அலைந்த வார்த்தை. அது இந்த நேரத்திலா கிடைக்க வேண்டும்? பிளாண்ட் ஹெட் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "அவங்க சரியாத்தான் படிச்சிருக்காங்க சார். அவங்கள அனுப்பாதீங்க" என்று மட்டும் வந்தது. அதற்கு மேல் சொல்ல என் படிப்பில் ஒன்றும் இருக்கவில்லை. என் வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

பிளாண்ட் ஹெட் இடுக்கியைக் கையில் எடுத்து உருட்டினார். பிறகு அந்த அம்மாவிடம் கேட்டார். "பிரேக் சரி பண்ணிக் குடுத்தா அதே பிரஸ் ஓட்டுவீங்களா?"

அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார், அதில் சந்தேகமே இல்லை.

"இவரு அங்க வந்து உக்காரட்டும் சார். அட்ட செய்யறவரு எங்கியோ உக்காந்துகினு செய்யக்கூடாது. இவரு பக்கத்துல இருந்தா நான் ஓட்றேன்."

பிளாண்ட் ஹெட் சிரித்துவிட்டார். "முகீத்து. முடிஞ்சது. பிரஸ் ஷாப்."

இப்படித்தான் எனக்கு டிபார்ட்மெண்ட் கிடைத்தது. அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அந்த அம்மாவின் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு முறை கேட்டாள்.

அட்டையை மாற்றினேன். இந்தத் தடவை நிறத்தை நம்பவில்லை. அந்த நசுங்கிய இடுக்கியையே போட்டோ எடுத்து அட்டை முழுக்கப் போட்டேன். அச்சுக்கு அனுப்பும் முன் பிரஸ் ஷாப்பில் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய் ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். ஒடியா பையன்கள் பார்த்தவுடன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. எந்தத் துறையிலிருந்து இது வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் மேஜை இப்போது மூன்றாம் பிரஸ்ஸுக்கு எதிரில். சத்தத்தில் காது அடைத்துக்கொள்கிறது. பிரேக்கைச் சரிசெய்து, சோதித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபிறகு அந்த அம்மா வேலைக்கு வந்த முதல் காலை. தலைமுடியைத் தொப்பிக்குள் சொருகினார். புது இடுக்கியை எடுத்தார். மெஷின் முகப்பில் அட்டை ஏதும் இல்லை, ஓட்டலாம் என்று அர்த்தம். பக்கத்துச் சுவரில் அதை விளக்கும் பலகையும் இருக்கிறது, நான் செய்ததுதான். யாரும் யாரையும் கேட்காமல் தானே தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தத் தொழிலே.

அவர் பலகையைப் பார்க்கவில்லை. பெடல் மேல் காலைத் தூக்கி வைத்து, மிதிக்காமல், திரும்பி என் முகத்தைப் பார்த்தார். சத்தத்தில் பேச முடியாது. ஓட்டட்டுமா என்று புருவத்தால் கேட்டார்.

எனக்கு அந்த மெஷினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தலையாட்டினேன். அவர் பெடலை மிதித்தார்.